கொள்ளைக்கு வேறு பெயர் வேண்டாம்: இளம் விவிலிய மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ஏசாயா வரைவு வந்து சேர்ந்தது. தமிழ் நன்றாக ஓடுகிறது; கிராமச் சபையில் உரக்க வாசித்தாலும் நாக்கு இடறாது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க ஒரே சொல்லுக்காக. எபிரெயத்தில் அது 'ஷாலால்': போரில் வென்றவன் தோற்றவனிடமிருந்து எடுத்துக்கொண்டு போவது. நீ அதை ஓரிடத்தில் 'கைப்பற்றிய பொருள்' என்கிறாய், வேறோரிடத்தில் 'வெற்றிப் பரிசு', மற்றோரிடத்தில் 'ஆதாயம்'. பத்தாம் அதிகாரத்தில் சொல்லையே காணோம்; வாக்கியத்துக்குள் கரைந்து போயிருக்கிறது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று புரிகிறது. 'கொள்ளை' என்றால் இன்றைய வாசகருக்கு வங்கிக் கொள்ளை, நகைக்கடைக் கொள்ளை, முகமூடி, கத்தி. கடவுளின் மக்கள் கொள்ளையைப் பங்கிட்டார்கள் என்று எழுதக் கை கூசுகிறது. கூசட்டும், தப்பில்லை. அந்தக் கூச்சம் வாசகருக்கும் சேர வேண்டியது. நடுவில் நின்று அதைத் தடுத்து வைக்க நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை.

முதலில், ஷாலால் எந்த வினையோடு சேர்ந்து வருகிறது என்று பார். அடிக்கடி கூட வருவது 'ஹாலக்', அதாவது பங்கிடு. யாக்கோபு மரணப் படுக்கையில் பென்யமீனைப் பற்றிச் சொல்லும்போது மாலையில் ஷாலால் பங்கிடப்படுகிறது (ஆதியாகமம் 49:27). செங்கடலில் துரத்தி வரும் பகைவன் மனக்கணக்குப் போடுவதும் அந்தப் பங்கைத்தான் (யாத்திராகமம் 15:9). ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தில் அறுவடை மகிழ்ச்சிக்குப் பக்கத்தில் இந்தப் பங்கீட்டின் மகிழ்ச்சியை வைக்கிறார். ஐம்பத்துமூன்றில் அடிபட்ட ஊழியனும் பலவான்களோடு ஷாலாலைப் பங்கிடுகிறான். இந்தச் சொல் காதில் விழுந்தால் எபிரெயனுக்குக் கண்ணில் தெரிவது சண்டை ஓய்ந்த பிறகு கிடக்கும் குவியல், அதைச் சுற்றி நிற்கும் ஆட்கள், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு.

இது நமக்கு அந்நியமான காட்சி இல்லை. தொல்காப்பியம் வெட்சித் துறைகளை அடுக்கிக்கொண்டு வரும்போது, ஆநிரை கவர்ந்து ஊர் திரும்பியபின் 'பாதீடு' என்று ஒரு துறை வைக்கிறது. கவர்ந்த மாடுகளைப் பங்குபோட்டுக் கொடுப்பது. அதன் பின்னால் உண்டாட்டு, கொடை. இலங்கையில் இன்று அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்குப் 'பாதீடு' என்று பெயர். அந்தச் சொல்லைத் தேடி எடுத்தவர் எவரோ, அவருக்கு நகைச்சுவை உணர்வு நிறையவே இருந்திருக்க வேண்டும்.

ஷாலாலுக்கு உறவுச் சொற்கள் உண்டு. 'பாஸ்' என்பது சூறை. ஆள் ஆளாகப் புகுந்து அள்ளுவது அதில் கேட்கும். 'மல்கோவாக்' என்பது 'எடு, கொள்' என்ற வேரிலிருந்து வந்தது; 'கொள்' என்பதிலிருந்து நமக்குக் 'கொள்ளை' வந்த மாதிரியே. 'ஷெவி' என்றால் சிறைப்பிடித்த ஆட்கள். அகராதி இவற்றுக்கு நடுவே கோடு போடும். நூல் அந்தக் கோட்டை எப்போதும் மதிக்காது. எண்ணாகமம் 31இல் மீதியானியரிடம் எடுத்ததைச் சொல்லும்போது ஷெவி, மல்கோவாக், ஷாலால் மூன்றும் அடுத்தடுத்து நின்று, ஆள் வேறு, பொருள் வேறு என்பது போலத் தெரிகிறது. உபாகமம் 20:14க்குப் போ. அங்கே பெண்கள், பிள்ளைகள், மிருகங்கள், பட்டணத்தில் உள்ள அனைத்தும் ஒரே ஷாலாலுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால் 'கைப்பற்றிய பொருள்' என்ற உன் தொடர் எனக்கு உறுத்துகிறது. பொருள் என்று சொன்ன உடனே ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

அந்த எண்ணாகமக் கணக்கை ஒரு முறை மெதுவாக வாசி. ஆடுகள் 6,75,000. மாடுகள் 72,000. கழுதைகள் 61,000. அதற்கும் பிறகுதான் பெண்கள், 32,000. பாதி போருக்குப் போனவர்களுக்கு, பாதி ஊரில் இருந்தவர்களுக்கு. போர்வீரர் பாதியில் ஐந்நூற்றுக்கு ஒன்று ஆண்டவருக்கான பகுதி: ஆடு 675, மாடு 72, கழுதை 61, ஆள் 32. இந்த எண்களை வரலாறாக எடுத்துக்கொள்வதா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். அது அவர்கள் பாடு. கணக்கப்பிள்ளையின் குரலில் எழுதிய பகுதி இது. அந்தக் குரலை அப்படியே விடு. 'துயரகரமாக' என்று ஓர் அடைமொழி சேர்க்காதே. பெண்களைப் பட்டியலின் தலைக்கும் நகர்த்தாதே.

நியாயாதிபதிகள் 5:30 இன்னும் கடினம். தெபோராளின் பாட்டு. சிசெராவின் தாய் பலகணி வழியாக எட்டிப் பார்க்கிறாள். மகனின் தேர் வரத் தாமதம். கூட இருக்கும் புத்திசாலிப் பெண்கள் சமாதானம் சொல்ல, அவளும் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள்: பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரே வசனத்தில் ஷாலால் நான்கு முறை வருகிறது. சாயம் தோய்த்த துணி, பூவேலை செய்த துணி, கழுத்துக்குப் போட என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். அந்தப் பட்டியலின் முதல் இனம் துணி இல்லை. ஆளுக்கு 'ரஹம், ரஹமாத்தாயிம்': ஒரு கருப்பை, இரண்டு கருப்பை. பெண் என்பதற்கு எபிரெயத்தில் சொல் பஞ்சமே இல்லை. அரண்மனைப் பெண்ணின் வாயில், மற்றப் பெண்களைக் குறிக்க, இந்தச் சொல்லைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது பாட்டு. கேட்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் தெரியும், சிசெரா யாகேலின் கூடாரத்தில் நெற்றியில் முளை அடித்துச் செத்துக் கிடக்கிறான் என்று. அவளுக்குத் தெரியாது.

இதை 'ஓரிரு பெண்கள்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். பலரும் போயிருக்கிறார்கள். நீ இந்தப் பகுதிக்கு வரும்போது பட்டினப்பாலையில் வரும் 'கொண்டி மகளிர்' என்ற தொடரை நினைத்துக்கொள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அந்திக்கு விளக்கேற்றும் வேலை அவர்களுக்கு. 'கொண்டி' என்றாலே கொள்ளைப்பொருள்தான். நம் மொழியும் ஒரு காலத்தில் பண்டத்தையும் பெண்ணையும் ஒரே சொல்லில் கட்டியிருக்கிறது. அந்தச் சொல்லை இன்று பயன்படுத்த முடியாது, யாருக்கும் புரியாது. ஆனால் 'தமிழில் இப்படிச் சொல்ல வராது' என்று குழுவில் யாராவது சொன்னால் வாயைத் திறக்க உனக்கு ஓர் ஆதாரம் இருக்கட்டும். என் யோசனையைக் கேட்டால், 'ஆளுக்கு ஒரு வயிறு, இரண்டு வயிறு' என்று எழுதுவேன். குழு ஏற்குமா என்பது வேறு கதை.

'ஹேரெம்' என்ற சொல்லையும் ஷாலாலையும் குழப்பாதே. பழைய திருப்புதல் அதைச் 'சாபத்தீடு' என்கிறது. நல்ல சொல், கைவிட வேண்டாம். முற்றிலும் தெய்வத்துக்கென்று ஒதுக்கி, அழிக்கப்பட வேண்டியது. யாரும் தொடக்கூடாது, ஆகவே பங்கும் கிடையாது. இந்த வழக்கம் இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1868இல் யோர்தானில் திபான் என்ற ஊரில் கண்டெடுத்த மோவாப் அரசன் மேசாவின் கல்வெட்டு இப்போது பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேபோ என்ற இஸ்ரவேல் ஊரைப் பிடித்து, ஏழாயிரம் பேரைக் கொன்று, ஊரைத் தன் தெய்வத்துக்கு ஹேரெம் ஆக்கினதாக மேசா அதில் எழுதி வைத்திருக்கிறான். அதே வேர், அதே வினை. எதிர்த்தரப்பிலிருந்து கேட்கும்போது அது எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கல்லில் பார்க்கலாம்.

இப்போது ஆகானிடம் வா. எரிகோ முழுதும் ஹேரெம் என்று அறிவித்தாயிற்று. ஆகான் ஒரு சிநேயார் சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம் எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்தான். பிடிபட்டு ஒப்புக்கொள்ளும்போது அவன் வாயில் வருவது 'ஷாலாலில் கண்டேன்' என்பது (யோசுவா 7:21). யோசுவா கேட்டது ஹேரெமைப் பற்றி. அவன் பதில் சொன்னது ஷாலாலைப் பற்றி. குற்றம் முழுவதும் அந்தச் சொல் மாற்றத்துக்குள் இருக்கிறது. அடுத்த ஊர் ஆயி. அங்கே ஷாலாலை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. ஓர் ஊர் பொறுத்திருந்தால் அவன் பங்கு தானே வந்திருக்கும். சவுலும் இதையே செய்கிறான். அமலேக்கியரை ஹேரெம் ஆக்கச் சொல்லியிருக்க, சாமுவேல் வந்து ஷாலாலின்மேல் ஏன் பாய்ந்தாய் என்கிறார். ஜனங்கள்தான் ஷாலாலிலிருந்து ஆடுமாடுகளை எடுத்தார்கள், பலியிடத்தான் எடுத்தார்கள் என்கிறான் சவுல் (1 சாமுவேல் 15:19, 21). இரண்டு சொல்லுக்கும் நீ ஒரே தமிழ்ச்சொல் போட்டால், சவுல் ஏன் அரசை இழந்தான் என்பது வாசகருக்குப் பாதி புரியாது.

தாவீது கெட்டிக்காரன். சிக்லாகைக் கொளுத்திவிட்டுப் போன அமலேக்கியரைத் துரத்துகிறான். அறுநூறு பேரில் இருநூறு பேர் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் களைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். திரும்பி வந்ததும், வராதவனுக்குப் பங்கு ஏன் என்று சிலர் சண்டை. சண்டைக்குப் போனவனுக்கும் மூட்டை காத்தவனுக்கும் சம பங்கு என்று தாவீது சட்டம் போடுகிறான். அதோடு நிற்கவில்லை. அந்த ஷாலாலிலிருந்து யூதாவின் மூப்பர்களுக்கு ஊர் ஊராக அனுப்பி வைக்கிறான். அனுப்பும்போது அதற்கு அவன் வைக்கிற பெயர் 'பெராகா', ஆசீர்வாதம். கொஞ்ச நாளில் யூதா அவனை அரசனாக்கியது. தேர்தல் காலத்துத் தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் அடிக்குறிப்பு தேவைப்படாது.

இனி உன் ஏசாயா. இங்கேதான் நான் பிடிவாதம் பிடிக்கப் போகிறேன்.

எட்டாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசிக்கு ஒரு பெரிய பலகையில், எல்லாருக்கும் வாசிக்க வருகிற எழுத்தில், நான்கு சொல் எழுதச் சொல்லிக் கட்டளை: மஹேர் ஷாலால் ஹாஷ் பாஸ். ஷாலால் விரைகிறது, பாஸ் முந்துகிறது. பிறகு பிறந்த பிள்ளைக்கே அந்தப் பெயர். பிள்ளைக்கு அப்பா, அம்மா என்று கூப்பிட வாய் வருவதற்குள் தமஸ்குவின் செல்வமும் சமாரியாவின் ஷாலாலும் அசீரிய அரசன் முன்னால் போய்விடும் என்பது பொருள். தமஸ்கு கி.மு. 732இல் விழுந்தது, சமாரியா 722 வாக்கில். கிரேக்க எழுபதின்மர் மூன்றாம் வசனத்தில் பெயரை மொழிபெயர்த்தே விட்டார்கள். பழைய திருப்புதல் 'மகேர் சாலால் அஷ்பாஸ்' என்று ஒலியை வைத்துக்கொண்டது. ஒலியை நீயும் வை. ஆனால் அர்த்தத்தைப் பக்கத்தின் அடியில் தள்ளாதே. தெருவில் போகிறவன் வாசித்துத் திடுக்கிட வேண்டும் என்று எழுதின பலகை அது. அர்த்தம் அந்த வரியிலேயே இருக்கட்டும்: 'கொள்ளை விரைகிறது, சூறை முந்துகிறது'. இந்த இரண்டு தமிழ்ச்சொல்லையும் இங்கே நிலைநாட்டிவிட்டாயானால் பத்தாம் அதிகாரத்துக்குத் தயார்.

அங்கே தொடக்கத்தில் அநியாயமான சட்டம் எழுதுகிறவர்கள் வருகிறார்கள். அசீரியர் இல்லை, சொந்த ஊர் ஆட்கள். வாளைத் தொடாதவர்கள், எழுதுகோல்தான் ஆயுதம். ஏழையின் நியாயத்தைப் பிடுங்குகிறார்கள். எதற்காக? விதவைகள் அவர்களுடைய ஷாலாலாக ஆவதற்கு, திக்கற்ற பிள்ளைகளை அவர்கள் 'பாஸ்' செய்வதற்கு. பிள்ளைக்கு வைத்த பெயரிலிருந்த இரண்டு சொற்களும் இங்கே வந்துவிட்டன. நாலு வசனம் தாண்டி, ஆறாம் வசனத்தில் அசீரியனுக்குக் கட்டளை போகிறது: ஷாலாலை ஷாலால் செய், பாஸை பாஸ் செய், தெருச் சேறு போல் மிதி. நீங்கள் உங்கள் விதவைகளுக்குச் செய்தது எதுவோ அதே சொல்லில், அதே வரிசையில் உங்களுக்கு வருகிறது. இதைத் தனியாக விளக்கிச் சொல்ல ஏசாயா ஒரு வார்த்தையும் செலவழிக்கவில்லை. சொற்களைத் திரும்ப வைத்தார், அவ்வளவுதான்.

உன் வரைவில் இரண்டாம் வசனம் 'விதவைகளின் உடைமைகளைப் பறிக்கிறார்கள்' என்று இருக்கிறது. ஆறாம் வசனத்தில் 'பொருள்களைக் கைப்பற்ற'. தனித்தனியே இரண்டும் பிழையில்லாத தமிழ். சேர்த்து வைத்தால் ஏசாயாவின் வாதம் செத்துப் போயிற்று. இலக்கணத்தையும் கவனி. விதவைகளிடமிருந்து எதையோ எடுத்தார்கள் என்று எபிரெயம் சொல்லவில்லை. விதவைகளே ஷாலால் ஆகிறார்கள். பெயர்ச்சொல்லாகத்தான் நிற்கிறது. 'விதவைகள் அவர்களுக்குக் கொள்ளையாவார்கள்' என்று நேராக எழுது.

அது எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் லாகீஸ் சிற்பப் பலகைகளின் படங்களைத் தேடிப் பார். சனகெரிப் கி.மு. 701இல் யூதாவின் லாகீசைப் பிடித்ததை நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசன் அரியணையில் உட்கார்ந்திருக்க, லாகீசின் 'ஷல்லத்து' அவன் முன்னால் கடந்து போனதாக அங்கே எழுத்து இருக்கிறது. அக்காதிய ஷல்லத்து நம் ஷாலாலுக்கு இனமான சொல். எழுத்துக்குக் கீழே எது கடந்து போகிறது? சாமான்கள் சுமந்த அசீரிய வீரர்கள் உண்டு. பின்னால் மாட்டுவண்டிகள், மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும். நடந்து போகும் குடும்பங்கள். அசீரியச் சிற்பிக்கு 'கைப்பற்றிய பொருள்' என்பதில் குழப்பமே இருக்கவில்லை.

எல்லா இடத்திலும் ஒரே சொல் என்று சொல்லுகிறேனா? இல்லை. எரேமியா கோட்டை விட்டு வெளியேறிச் சரணடைகிறவர்களுக்குச் சொல்வது, எபெத்மெலேக்குக்குச் சொல்வது, எழுத்தர் பாருக்குக்குச் சொல்வது எல்லாம் ஒன்றுதான்: உன் உயிர் உனக்கு ஷாலாலாகக் கிடைக்கும். நான்கு இடங்களில் வருகிறது (21:9, 38:2, 39:18, 45:5). தோற்ற பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்கிற வாக்கு இது. வேறு எதுவும் மிஞ்சாது, உன் உயிரையே கொள்ளையாக அள்ளிக்கொண்டு ஓடு. இதில் கசப்பான சிரிப்பு ஒன்று இருக்கிறது. 'உயிர் தப்புவாய்' என்று எழுதினால் அது போய்விடும். ஆகவே இங்கேயும் கொள்ளைதான்.

நீதிமொழிகள் 31:11 மட்டும் சிக்கல். குணசாலியான மனைவியை நம்பும் கணவனுக்கு ஷாலால் குறையாதாம். பழைய திருப்புதல் 'சம்பத்து' என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. ஆனால் அந்தப் பாட்டு முழுக்கப் போர்க்கள வாடை. 15ஆம் வசனத்தில் அவள் விடியுமுன் எழுந்து வீட்டாருக்குக் கொடுக்கும் உணவுக்கு 'தெரெஃப்' என்று பெயர். சிங்கம் அடித்த இரைக்கும் அதே சொல்தான். புலவர் அந்தப் பெண்ணை ஒரு படைத்தலைவியாகவே பார்க்கிறார். தமிழில் 'கொள்ளை' என்பதற்கு ஏராளம் என்ற பொருளும் பேச்சில் உயிரோடு இருப்பதால், ஒரு வழி தெரிகிறது: 'அவனுக்குக் கொள்ளைக் கொள்ளையாய் வந்து சேரும்.' சொல்லிப் பார். பிடிக்காவிட்டால் சம்பத்துக்கே போ. இந்த ஓர் இடத்துக்காக உன்னோடு சண்டை போடமாட்டேன்.

ரூத் 2:16இல் போவாஸ் அறுவடைக்காரர்களிடம் அவளுக்காகக் கதிர்களை உருவிப் போடச் சொல்லும் வினையிலும் இதே எழுத்துகள் இருக்கின்றன. அகராதிகள் அதை வேறு வேர் என்று தனியே வைக்கின்றன. பிரசங்கிகளுக்கு இது மிகவும் பிடித்த இடம். போர்க்கொள்ளையைப் போவாஸ் இரக்கமாக மாற்றிவிட்டார் என்பார்கள். எழுத்து ஒத்துப்போவதால் பொருளும் ஒத்துப்போய்விடாது. நீ அதைத் தொடாதே.

எஸ்தர் உன் பங்குக்கு வரும் என்று கேள்விப்பட்டேன். தொடங்குமுன் 3:13, 8:11, பிறகு ஒன்பதாம் அதிகாரத்தின் 10, 15, 16 ஆகிய வசனங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள். ஆமானின் கட்டளையில் யூதரின் ஷாலாலை 'பாஸ்' செய்யலாம். மொர்தெகாயின் கட்டளையில் பகைவரின் ஷாலாலை அதே மாதிரிச் செய்யலாம், வார்த்தைக்கு வார்த்தை. கடைசியில், அனுமதி இருந்தும் கொள்ளையில் அவர்கள் கைவைக்கவில்லை என்று மூன்று முறை வருகிறது. அங்கே சொல் 'பிஸ்ஸா', பாஸின் வேர்தான். ஆமான் ஆகாகியன், அமலேக்கியரின் அரசன் ஆகாகின் பெயரைச் சுமப்பவன்; மொர்தெகாய் பென்யமீனியன், கீசின் வழி, சவுலும் கீசின் மகன். சவுல் பாய்ந்த இடத்தில் இவர்கள் கையை மடக்கிக்கொள்கிறார்கள். 1 சாமுவேல் 15ஐ மொழிபெயர்ப்பவர் உன் குழுவில் வேறு ஒருவர் என்றால், அவர் என்ன சொல் போட்டிருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொண்டு அதன் பிறகு எழுது.

ஏசாயா பத்தை மட்டும் திருத்தி அனுப்பு. மற்றவை அப்புறம்.

அன்புடன்,
அண்ணன்